தலைநகர் உண்டு, தண்டவாளம் இல்லை!

ஆட்சியர் அலுவலகம் உண்டு. நீதிமன்றங்கள் உண்டு. காவல்துறைக் கண்காணிப்பாளர் உண்டு. நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர் ஒருவரை அனுப்பிவைக்கும் தொகுதிக்குத் தன் பெயரையே வழங்கியிருக்கும் பெருமையும் உண்டு. ஆனால், கிருஷ்ணகிரி என்னும் மாவட்டத் தலைநகருக்கு இரயில் நிலையம் மட்டும் இல்லை!

2004-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9-ஆம் நாள் தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிந்து, தனி மாவட்டமாக எழுந்து நின்றது கிருஷ்ணகிரி. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அம்மாவட்டத்து மக்கள் 18 இலட்சத்து 79 ஆயிரம் பேர். மாவட்டத்தில் இரயிலே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஓசூரில் நிற்கிறது, இராயக்கோட்டையில் நிற்கிறது, சாமல்பட்டியிலும் நிற்கிறது. தலைநகருக்கு மட்டும்தான் வரவில்லை. சென்னைக்கு இரயிலில் போக விரும்பும் கிருஷ்ணகிரிக்காரர், முதலில் பேருந்து ஏறி ஜோலார்பேட்டைக்கோ ஆந்திர எல்லை கடந்து குப்பத்துக்கோ போகவேண்டும். தன் மாவட்டத் தலைநகரிலிருந்து புறப்பட்டு, அடுத்த மாநிலத்து நடைமேடையில் நின்று, தன் மாநிலத் தலைநகருக்கு வண்டி பிடிக்கும் தமிழன்! நாடகத்தில் இப்படி ஒரு காட்சியை நான் எழுதினால், நம்பத்தகாத கற்பனை என்று நகைப்பார்கள்.

சிற்றூராயிற்றே, வரலாற்றில் என்றுமே இரயில் கண்டறியாத ஊராயிற்றே என்று யாரேனும் சமாதானம் சொல்ல முன்வரக்கூடும். அவர்களுக்கு ஒரு செய்தி: கிருஷ்ணகிரிக்கு இரயில் வந்தது. 1905-ஆம் ஆண்டிலேயே வந்தது!

வந்த கதையைக் கேளுங்கள். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய பெரும் பஞ்சத்தில், அன்றைய சேலம் மாவட்டம் சுடுகாடாயிற்று. 1871-இல் அம்மாவட்டத்து மக்கள் 19 இலட்சத்து 66 ஆயிரம் பேர். 1881-இல் எண்ணிப் பார்த்தபோது 15 இலட்சத்து 99 ஆயிரம். பத்தாண்டுகளில் பெருகியிருக்க வேண்டிய மக்கள்தொகை, மூன்றரை இலட்சத்துக்கும் மேலாகக் குறைந்து போயிற்று. பசியால் மாண்டோர், பிழைப்புத் தேடி ஓடியோர், கொள்ளை நோய்க்கு இரையானோர் எல்லோரும் அந்தக் குறைவுக்குள்ளே அடக்கம். கிருஷ்ணகிரியும் ஓசூரும் தருமபுரியும் அந்தச் சேலம் மாவட்டத்தின் வட்டங்களாய் இருந்தவை.

அதன் பின்னர் அமைந்த பஞ்ச ஆணையம் 1880-இல் அறிக்கை தந்தது. பஞ்சம் தாக்கும் பகுதிகளுக்குத் தானியம் கொண்டு செல்ல இருப்புப்பாதை வேண்டும் என்ற எண்ணம் வலுத்தது. வெள்ளைக்காரன் பாதைகளை இரண்டு வகையாகப் பிரித்தான். இலாபம் தரும் பாதை ஒருவகை. இலாபம் தராவிட்டாலும் பஞ்சத்திலிருந்து மக்களைக் காக்கும் பாதை மற்றொரு வகை. இந்த இரண்டாம் வகையில் பிறந்ததுதான் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போடப்பட்ட குறுகிய பாதை. இரண்டரை அடி அகலம். ஏறக்குறைய 25 மைல் நீளம். 1906-இல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு இன்னொரு பாதை. 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது.

வெள்ளையன் வள்ளல் அல்லன். கொள்ளையடிக்கப்பட்ட நாட்டில் கொஞ்சம் தானியமேனும் நகரட்டும் என்று போட்ட பாதை அது. வரி கொடுக்கும் குடிகள் செத்துவிட்டால் வரி யாரிடம் வாங்குவது என்ற கவலையும் அதற்குள் இருந்திருக்கும். ஆயினும், இலாபம் வராது என்று தெரிந்தே போட்டான் என்பதை மட்டும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள், தோழர்களே.

1941-இல் அந்தப் பாதைகள் மூடப்பட்டன. இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்த வேளை. போருக்கு இரும்பு வேண்டியிருந்தது. கிருஷ்ணகிரியின் இரும்பைப் பெயர்த்தெடுத்துச் சென்றார்கள். போர் 1945-இல் முடிந்தது. 1947-இல் வெள்ளையன் கப்பலேறினான். கடனாகப் போன தண்டவாளம் மட்டும் திரும்பி வரவேயில்லை.

தருமபுரிக்கும் ஓசூருக்கும் ஓரளவு நீதி கிடைத்தது. 1960களில் சேலத்தையும் பெங்களூரையும் இணைத்து மீட்டர் பாதை போடப்பட்டது. 1990களில் அது அகலப்பாதையுமாயிற்று. தருமபுரி, இராயக்கோட்டை, ஓசூர் என்று மேற்கே ஒதுங்கிப் போனது அப்பாதை. கிழக்கே, ஜோலார்பேட்டையிலிருந்து குப்பம் வழியாகப் பெங்களூர் செல்லும் பாதையோ 1864-ஆம் ஆண்டிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது. கிழக்கே ஒரு பாதை, மேற்கே ஒரு பாதை, இரண்டுக்கும் நடுவே மலைக்கோட்டையைச் சுமந்துகொண்டு மாவட்டத் தலைநகர். இரண்டு பந்திக்கும் நடுவில் இலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி!

ஜோலார்பேட்டையிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்குப் பாதை வேண்டும் என்ற கோரிக்கை, பல தேர்தல்களைப் பார்த்துவிட்ட கோரிக்கை. ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அளவை நடக்கிறது என்பார்கள். அளவை முடிந்தது என்பார்கள். மறுபடியும் அளவை என்பார்கள்.

இந்த மண்ணுக்கு அளவை புதிதன்று. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலைப் பெற்ற கும்பினி, கேப்டன் அலெக்சாண்டர் ரீடு என்பவரை ஆட்சியராக்கி அனுப்பியது. தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளர். 1799-க்குள், காடும் மேடும் கரையும் துறையும் அளந்து, இன்ன வயலுக்கு இன்ன வரி என்று எழுதி முடித்துவிட்டார்கள். இரயத்துவாரி முறை பிறந்ததே இந்தப் பாராமகாலில்தான். சங்கிலியைத் தோளில் சுமந்து, குதிரையில் போய் அளந்த காலம் அது! ஏழாண்டுகளில் ஒரு சீமையையே அளந்து முடித்தார்கள். வானத்திலிருந்து படமெடுக்கும் இந்நாளில், நூறு கிலோமீட்டரை அளந்து முடித்துப் பாதை போடும் வேளை மட்டும் வரவில்லை. வரி வாங்க அளந்தால் முடிகிறது. வழி கொடுக்க அளந்தால் முடிவதில்லை.

டில்லி அலுவலகத்துக்கும் நம் ஊருக்கும் நடக்கும் உரையாடலைக் கற்பனை செய்து பார்க்கிறேன்.

"ஐயா, பாதை வேண்டும்."

"அளந்து பார்க்கிறோம்."

"அளந்தீர்களே!"

"அது பழைய அளவு. விலைவாசி ஏறிவிட்டது. புதிதாக அளக்கவேண்டும்."

"அளந்த பிறகு?"

"வருவாய் போதாது என்று தெரிகிறது."

"வருவாய் எப்போது வரும்?"

"தொழில் பெருகினால் வரும்."

"தொழில் எப்போது பெருகும்?"

"போக்குவரத்து வசதி வந்தால் பெருகும்."

"போக்குவரத்து வசதிக்குத்தானே பாதை கேட்கிறோம்!"

"அளந்து பார்க்கிறோம்."

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவந்தவன் நான். பொருளாதார நிபுணர்களோடு புள்ளிவிவரப் போர் நடத்தப் புறப்படவில்லை. ஆனாலும் கேட்கிறேன்: போட்ட பணத்துக்கு இத்தனை விழுக்காடு திரும்பி வருமா என்பதையே உரைகல்லாக வைத்திருந்தால், 1905-இல் கிருஷ்ணகிரிக்கு வண்டி வந்திருக்குமா? அந்நியன் ஆட்சியில் 'காக்கும் பாதை' என்று ஒரு கணக்குத் தலைப்பு இருந்தது. நம்மவர் ஆட்சியில் அந்தத் தலைப்பு எங்கே போயிற்று?

சாலைகள் இருக்கின்றனவே என்பார்கள். ஆம், இருக்கின்றன. காசுமீரத்திலிருந்து குமரிமுனைக்குச் செல்லும் 44-ஆம் எண் நெடுஞ்சாலை கிருஷ்ணகிரியைத் தொட்டுச் செல்கிறது. டில்லியிலிருந்து மும்பை, பெங்களூர் வழியாகச் சென்னைக்குச் செல்லும் 48-ஆம் எண் சாலையும் இங்கே வந்து சேர்கிறது. திண்டிவனம் செல்லும் சாலையும் இங்கேதான் பிரிகிறது. நாட்டின் நான்கு திசைக்கும் போகிறவன் கிருஷ்ணகிரியைக் கடந்து போகிறான். ஆனால், ஊர் வழியாகப் போகும் சாலை வேறு. ஊருக்காக வரும் பாதை வேறு. நெடுஞ்சாலையில் பறந்து செல்லும் காருக்குக் கிருஷ்ணகிரி என்றால் ஒரு சுங்கச்சாவடி, ஒரு தேநீர்க்கடை. இரயில் நிலையம் அப்படியா? அங்கே வண்டி நிற்கும்; ஏழையும் குறைந்த கட்டணத்தில் ஏறுவான்; நோயாளி படுத்துக்கொண்டு போவார்; தேர்வு எழுதப் போகும் மாணவி இரவில் அச்சமின்றி உறங்கிக்கொண்டே போவாள்.

சரக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் மாவுக்குப் பேர்போன மாவட்டம் இது. பெங்களூரா என்று நாம் சொல்லும் கிளிமூக்கு மாங்காய், மலை மலையாகக் குவிந்து கூழ் ஆலைகளுக்குப் போகிறது. 2025-ஆம் ஆண்டுப் பருவத்தில் அந்த மாங்காய் விலை அதலபாதாளத்துக்குச் சரிந்தது. அதே சூன் திங்களில், ஆந்திரத்துச் சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநிலத்து மாங்காய் உள்ளே வரக்கூடாது என்று தடையும் போட்டது. எல்லை மாவட்டத்து உழவனுக்குப் பக்கத்துச் சந்தையின் கதவு எந்த நேரத்தில் சாத்தப்படும் என்று தெரியாது. தொலைவிலுள்ள சந்தைக்குப் போகலாமென்றால், லாரி வாடகை மாங்காய் விலையை விழுங்கிவிடுகிறது. இரயில் வந்துவிட்டால் மாங்காய் விலை மறுநாளே ஏறிவிடும் என்று நான் மேடை அளப்பு அளக்கமாட்டேன். போக ஒரே ஒரு வழிதான் உள்ளவன் பேரம் பேச முடியாது என்பதைச் சொல்கிறேன், அவ்வளவே.

கருங்கல்லும் அப்படித்தான். மலையைப் பிளந்து, பல டன் எடையுள்ள பாளங்களாக அறுத்து, கடல் கடந்து அனுப்புகிறார்கள். எடை மிகுந்த சரக்குக்கு இரயில்தான் இயற்கையான ஊர்தி என்று பள்ளிப் பாடநூல் சொல்லும். கிருஷ்ணகிரிக் கல்லோ சாலையைத் தேய்த்துக்கொண்டு லாரியில் போகிறது.

இனி, நம் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் பேசுவோம்.

1971-இல் கலைஞர் ஆட்சியில் சிப்காட் தோன்றியது. அந்த வித்து ஓசூரில் விழுந்து, அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் என்று கிளைவிட்டுப் படர்ந்ததை நாம் பெருமையோடு மேடைதோறும் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். 2024-ஆம் ஆண்டு சூன் 27 அன்று, ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் பன்னாட்டு விமான நிலையம் ஓசூரில் அமையும் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தபோது கைதட்டினோம். ஆனால், மாவட்டம் என்றால் ஓசூர் மட்டுமன்று. ஓசூருக்கு வானூர்தி கேட்கும் அதே மூச்சில், 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தலைநகருக்கு வண்டி கேட்காவிட்டால், வளர்ச்சி பெங்களூரின் வெளிச்சம் விழும் இடத்தோடு நின்றுவிடும். காலை இருள் பிரியுமுன்னே ஊத்தங்கரைப் பக்கமும் பர்கூர்ப் பக்கமும் பேருந்துக்குக் காத்து நிற்கும் பெண்கள், அந்த வெளிச்சத்தைத் தேடித்தான் போகிறார்கள்.

இருப்புப்பாதை ஒன்றியப் பட்டியலில் 22-ஆவது இனம். மாநிலம் தன் விருப்பத்துக்குப் போட்டுவிட முடியாது. அதனால் பொறுப்பு டில்லியினுடையதே. 1941-இல் மூடப்பட்ட மொரப்பூர்–தருமபுரிப் பாதைக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள், 36 கிலோமீட்டர்தான், 2025-ஆம் ஆண்டு முடியும்வரை அதில் வண்டி ஓடியபாடில்லை. டில்லியின் வேகம் இது. ஆனால், நிலம் எடுத்துக் கொடுக்கும் வேலை மாநிலத்தினுடையது. அங்கே ஒரு கோப்பு ஒருநாள் தூங்கினாலும், "பார்த்தீர்களா, நிலம் தரவில்லை" என்று டில்லி கைகாட்டும். அண்டையிலுள்ள கருநாடக அரசு, தன் மாநிலத்துப் பாதைகள் பலவற்றுக்குச் செலவில் பாதியைத் தானே ஏற்று, நிலத்தையும் தந்து காரியத்தை முடித்துக்கொள்கிறது. ஒன்றியத்தின் கடமைக்கு மாநிலம் ஏன் பணம் கட்டவேண்டும் என்று நம் தோழர்கள் கேட்பார்கள். கொள்கையளவில் அந்தக் கேள்வி சரியே; மாநில உரிமை பேசும் இயக்கம் அதைக் கேட்கத்தான் வேண்டும். எனினும், இந்த ஒரு பாதைக்கு, இழந்ததை மீட்கும் பாதை என்பதால், ஒரு பங்கை நாம் ஏற்கிறோம் என்று அறிவித்துவிடலாம் என்பதே என் கருத்து. வருவாய் போதாது என்ற சாக்கு அத்தோடு அறுந்துபோகும். அதன்பின் சொல்வதற்கு அவர்களிடம் என்ன மிச்சமிருக்கிறது என்பதை நாடு பார்க்கட்டும்.

கிருஷ்ணகிரி, பர்கூர், ஊத்தங்கரை, வேப்பனப்பள்ளிப் பகுதிக் கிளைத் தோழர்கள், அடுத்த கிளைக் கூட்டத்தில் வழக்கமான தீர்மானத்தோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் ஊரிலிருந்து குப்பத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் இரயில் ஏறப் போகிறவர்கள் எத்தனை பேர், பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் கொடுப்பது எவ்வளவு, ஒரு லாரி மாங்காய்க்கு வாடகை எவ்வளவு என்று வீடுவீடாகக் கேட்டு எழுதுங்கள். வருவாய் எங்கே என்று கேட்பவனுக்கு அந்தத் தாள்களே விடை. திருப்பத்தூர்த் தோழர்களையும் துணைக்கு அழையுங்கள். பழைய பாதை புறப்பட்டது அவர்கள் ஊரிலிருந்துதான். எழுதியதைக் கட்டாகக் கட்டி, நாடாளுமன்ற உறுப்பினர் எந்தக் கட்சிக்காரர் என்று பாராமல், அவர் டில்லிக்குப் புறப்படுமுன் கையில் கொடுத்துவிடுங்கள். அவரும் இரயில் ஏறுவதற்கு வேறு ஊருக்குத்தான் போகவேண்டியிருக்கிறது.