7 அடிக் கதவும் 9 அடி வண்டியும்

கேரவன் என்றால் நமக்குப் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்களுக்காக நிற்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது சாதாரணக் குடும்பத்தின் சொத்து. ஆர்.வி. என்பார்கள். உள்ளே படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் இருக்கும். பணி ஓய்வு பெற்ற தம்பதியர் சேமிப்பைக் கொட்டி வாங்குகிறார்கள். வருடத்தில் சில வாரங்கள் அது ஊர் சுற்றுகிறது. மற்ற நாளெல்லாம் எங்காவது நின்றாக வேண்டும். சொந்த வீட்டு மனையில் அதை நிறுத்திக்கொள்ள அனுமதி கேட்டு வருகிறவர்களை ஃபுளோரிடா மாநிலத்தின் நகராட்சிகள் பல நடத்தும் விதம் வெட்கக்கேடானது. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

கோரல் கேபிள்ஸ் நகரத்தை எடுத்துக்கொள்வோம். மயாமிக்கு அருகே, 1925-இல் நகராட்சியான, திட்டமிட்டுக் கட்டிய அழகான ஊர். குடியிருப்புப் பகுதியில் கேரவன் நிற்பதானால் மூடிய கேரேஜுக்குள்தான் நிற்க வேண்டும் என்று அது விதி போட்டது. 1970-களில் அந்த விதி செல்லும் என்று நீதிமன்றமும் சொன்னது. வீட்டு கேரேஜ் கதவின் உயரம் வழக்கமாக 7 அடி. தானே ஓடும் கேரவன்களில் சிறியதான வேன் வகையே பெரும்பாலும் 9 அடியைத் தொடும். பெரியவை 12 அடியைத் தாண்டும். ‘உள்ளே வைத்துக்கொள்’ என்று அனுமதிப்பதுபோல் அனுமதித்து, வைக்கவே முடியாதபடி செய்கிற விதி இது. தடை விதிப்பதென்றால் தடை என்று எழுதும் நேர்மையாவது வேண்டாமா?

இதே ஊர் பிக்அப் டிரக்குகளையும் வாசலில் நிற்கவிடாமல் பல்லாண்டு விரட்டியது. 2007-இல் மேல்முறையீட்டு நீதிபதிகள் அந்தத் தடையை ரத்து செய்தார்கள். 2010-இல் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை உயிர்ப்பித்தது. கடைசியில், 2012 நவம்பரில், வாக்காளர்களே சொந்த உபயோக டிரக்குகளுக்கான தடையைத் தூக்கி எறிந்தார்கள். டிரக் வைத்திருப்பவர்கள் ஊருக்கு ஊர் ஏராளம், அதனால் பிழைத்தார்கள். கேரவன்காரர்கள் தெருவுக்கு ஒருவர் தேறினால் அதிகம்.

விதிவிலக்கு கேட்கலாமே என்பார்கள். கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விண்ணப்பம், கட்டணம், மனையின் வரைபடம், அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்பு, அப்புறம் பொது விசாரணை. அந்த விசாரணையில் ‘பகுதியின் தன்மைக்கு ஒவ்வாது’ என்று எதிர்வீட்டுக்காரர் எழுந்து சொன்னால், அதற்கு எந்த அளவுகோலைக் காட்டிப் பதில் சொல்வது? நிலப் பயன்பாட்டை வரையறுக்கும் அதிகாரத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926-இல் யூக்ளிட் என்ற ஊரின் வழக்கில் உள்ளாட்சிகளுக்கு உறுதிசெய்தது. அந்த அதிகாரத்தை நாம் மறுக்கவில்லை. வண்டி நடைபாதையை மறிக்கக் கூடாது, காரைப் பின்னோக்கி எடுக்கும் அடுத்த வீட்டுக்காரரின் பார்வையை மறைக்கக் கூடாது, கழிவுநீர் சொட்டக் கூடாது, தீயணைப்பு வீரர் நுழைய இடம் வேண்டும். எல்லாம் நியாயமான கவலைகள். எல்லாமே அளவு நாடாவை வைத்து அளந்தும் கண்ணால் பார்த்தும் ஓர் அதிகாரி கால் மணி நேரத்தில் முடிவு செய்யக்கூடியவை. இதற்கு எதற்கு ஊரைக் கூட்டிப் பஞ்சாயத்து?

அனுமதி கிடைக்காமல் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் கொடுமையின் உச்சம். ஃபுளோரிடா சட்டப்படி விதிமீறலுக்குப் பொதுவாக நாளொன்றுக்கு 250 டாலர் வரையும், மறுபடி மீறினால் 500 டாலர் வரையும் அபராதம் விதிக்கலாம். மொத்தத் தொகைக்கு மாநிலச் சட்டம் உச்சவரம்பு வைக்கவில்லை. லான்டானா என்ற சிற்றூரில் ஒரு வீட்டுக்காரரின் கார்களின் சக்கரம் சொந்தப் புல்தரையைத் தொட்டது குற்றமாயிற்று. கேரவன்கூட இல்லை, வெறும் கார். நாளுக்கு 250 வீதம் 407 நாள்; 1,01,750 டாலர். வெடித்த வீட்டு வண்டிப்பாதைக்கும் புயலில் சாய்ந்த வேலிக்கும் போட்டதைச் சேர்த்தால் 1,65,000-க்கும் மேல். குறையைச் சரிசெய்து அழைத்தும் யாரும் வந்து பார்க்கவில்லை என்பது அவர் முறையீடு. கட்டாத அபராதம் சொத்தின் மீது 20 ஆண்டுவரை கடனாகக் கிடக்கும். குடியிருக்கும் வீட்டை ஏலம் விடச் சட்டம் இடம் தரவில்லை என்பது உண்மைதான். விற்கப் போகும் நாளில் அந்தக் கடன் முன்னால் வந்து நிற்கும்.

அளவுக்கு மீறிய அபராதம் கூடாது என்ற அரசியல் சட்டத் தடை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019-இல் ஒருமனதாகச் சொன்னது. (அதுவும் பறிமுதலான ஒரு வண்டியைப் பற்றிய வழக்குதான்.) அதன் பிறகும் நாள்கணக்கு மீட்டரை ஓடவிடுவது என்ன நியாயம்?

மாநிலத்துக்குத் திருத்தத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. பெயர் சொல்லாத புகாரை வைத்து ஆய்வாளர் விசாரணை தொடங்கக் கூடாது என்று 2021-இல் சட்டம் கொண்டுவந்தார்கள். பொதுப் பாதுகாப்புக்கு உடனடி ஆபத்து போன்ற நிலைகளுக்கு விலக்கு உண்டு. 2023-இல் இன்னொன்று: அவசரநிலை அறிவிக்கப்பட்ட பேரிடரில் வீடு குடியிருக்க முடியாமல் போனவர், வீட்டைத் திரும்பக் கட்ட முயன்றுகொண்டிருக்கும்வரை, 36 மாதம் வரை சொந்த மனையில் கேரவன் நிறுத்தி வாழலாம், நகராட்சி தடுக்கக் கூடாது. நல்ல சட்டம். மூன்று வருடம் அந்த வண்டி வாசலில் நின்று, அதற்குள் ஆட்கள் குடியிருந்தும் தெரு தாங்கிக்கொள்ளும் என்றால், ஆளில்லாமல் பூட்டி நிற்கும் அதே வண்டியால் தெருவின் மானம் எப்படிப் போகிறது?

நகராட்சிகள் ‘கேரேஜுக்குள் மட்டும்’ என்ற விதியை உடனே நீக்கட்டும். எல்லையிலிருந்து எத்தனை அடி, நீளம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்பதை எண்ணில் எழுதி, அதற்குள் அடங்கும் வண்டிக்கு அலுவலகச் சாளரத்திலேயே, குறித்த நாளுக்குள் அனுமதி தரட்டும். மனு நிலுவையில் இருக்கும்போதும், சரிசெய்துவிட்டேன் என்று உரிமையாளர் எழுதிக் கொடுத்த நாளிலிருந்தும் அபராதம் ஓடக் கூடாது. மொத்த அபராதத்துக்கு ஃபுளோரிடா சட்டமன்றம் அடுத்த கூட்டத்தொடரிலேயே உச்சவரம்பு வைக்க வேண்டும். ஏற்கெனவே ஏறிக் கிடக்கும் பாக்கிகளையும் அந்த வரம்புக்குள் திருப்பிக் கணக்கிட்டு, மிச்சத்தைச் சொத்துப் பதிவிலிருந்து அழிக்க வேண்டும்.