பதினான்கு ஆண்டு நிலையம்

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், லிவர்பூல் ரோட்டில் நிற்கும் இரண்டடுக்குக் கட்டடம் வசதியானவர் ஒருவரின் வீடு போலத்தான் தெரியும். உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய முனைய ரயில் நிலையம் அதுதான். இரண்டு பெரிய நகரங்களை நீராவி ரயிலால் இணைத்த முதல் பாதையான லிவர்பூல்–மான்செஸ்டர் பாதைக்காக 1830 செப்டம்பர் 15-இல் திறக்கப்பட்டது. 1844 மே மாதத்தில் பயணிகள் ரயில்கள் புதிய விக்டோரியா நிலையத்துக்குப் போய்விட்டன. பதினான்கு ஆண்டுகள்கூட நிறையாத நிலையத்தை எதற்குக் கொண்டாட வேண்டும் என்று கேட்கலாம். அந்தக் குறுகிய ஆயுள்தான் அதைக் காப்பாற்றியது என்பதே பதில்.

ரயில் நிலையம் எப்படி இருக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாத காலத்தில் கட்டப்பட்டது இது. இர்வெல் ஆற்றைப் பாலத்தில் கடந்து வந்த பாதை உயரத்திலேயே வந்து சேர்ந்தது. அதனால் தெரு மட்டத்தில் சீட்டு வாங்கி, படியேறி, மாடியில் ரயில் பிடித்தார்கள். முதல் வகுப்புக்கு ஒரு வாசல், இரண்டாம் வகுப்புக்கு இன்னொன்று. காத்திருக்கும் அறைகளும் தனித்தனி. முதல் வகுப்பு வாசலுக்கு மேலே ஒரு சூரியக் கடிகாரம்: ஊருக்கு ஊர் நேரம் மாறிய காலத்தின் சாட்சி. தண்டவாளத்துக்கு மறுபுறம் அதே 1830-இல் எழுந்த செங்கல் கிடங்கு, கால்வாய்க் கிடங்குகளின் அமைப்பைத் தழுவியது. சரக்குப் பெட்டிகள் மேல்தளத்துக்குள்ளேயே நுழைந்தன. குதிரை வண்டிகள் கீழே வந்து நின்றன.

பரபரப்பான நிலையங்களுக்கு இப்படி மாறாமல் எஞ்சும் பாக்கியம் வாய்க்கவில்லை. லண்டன் யூஸ்டன் நிலையத்தில் பிலிப் ஹார்ட்விக் எழுப்பிய மாபெரும் கல் வளைவு, பலத்த எதிர்ப்பை மீறி 1961–62-இல் இடிக்கப்பட்டது. கூட்டம் பெருகப் பெருக நிலையத்தைத் திருத்திக் கட்டத்தான் வேண்டும். லிவர்பூல் ரோட்டுக்கு மிஞ்சியது சரக்கு மட்டும். மூட்டைகள் புதிய கூடம் கேட்பதில்லை. அப்படியானால் கண்டுகொள்ளாமல் விடுவதே நல்ல பாதுகாப்பா? இல்லை. 1975 வரை அங்கே வேலை நடந்தது. கட்டடத்துக்கு ஒரு பயன் இருந்தது. வேலை நின்றதும் சிதைவுதான் எஞ்சியது. 1983-இல் அருங்காட்சியகமாகத் திறந்த பிறகே மீண்டும் உயிர் வந்தது. பழைய கட்டடத்தைக் காப்பது அதன் உடம்புக்கு ஒத்துவரும் வேலையே.

ஆனால் சுவர்களைக் காத்தால் மட்டும் போதாது. 2017-இல் திறக்கப்பட்ட ஆர்ட்சால் இணைப்புப் பாதை, இந்த நிலையத்தின் தண்டவாளத்தைப் பிரதான ரயில் பாதையிலிருந்து துண்டித்துவிட்டது. மான்செஸ்டரின் விக்டோரியா, பிக்காடிலி நிலையங்களை இணைப்பது நகரத்துக்குத் தேவை என்பது திட்டத்தை ஆதரித்தவர்களின் வாதம். அந்தத் தேவை உண்மையானது. இன்றைய பயணியின் நேரமும் மதிப்புள்ளதே. ஆனாலும் இழப்பை இழப்பென்றே கணக்கில் எழுத வேண்டும். சீட்டு கீழேயும் ரயில் மேலேயும் இருந்ததற்குக் காரணமே ஆற்றைத் தாண்டி வந்த அந்தப் பாதைதான். பாதையை வெட்டிவிட்டால், ரயிலுக்காகக் கட்டிய படிக்கட்டு வெறும் படிக்கட்டாகிவிடும். பாரம்பரியப் பட்டியலில் கட்டடத்தைச் சேர்ப்பவர்கள், அதைத் தேடி வந்த வழியையும் சேர்த்தே எழுத வேண்டும்.