கணக்குக்கு என்ன அவசரம்?

சென்ற மாதம் என் நண்பர் ஒருவர் தம் பிள்ளையை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தார். பையன் ஏழாம் வகுப்பு. காலையில் பள்ளிக்கூடம், மாலையில் 'ஃபவுண்டேஷன்' வகுப்பு. "பதினோராம் வகுப்புக் கணக்கெல்லாம் போடுகிறான், ஸார்! ஏதாவது கேட்டுப் பாருங்கள்" என்றார்.

நான் கேட்பதற்கு முன்பே பையன் இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தை ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டான். "பேஷ்! அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு, தம்பி?" என்றேன்.

"ஐந்தில் இரண்டு."

கொஞ்சமும் தயக்கமில்லை. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அது அரையை விடக் குறைந்து போகிறது! நண்பர் சிரித்து மழுப்பினார். "அதெல்லாம் சின்னக் கணக்கு, ஸார். மறந்திருப்பான்."

சின்னக் கணக்கா? எக்ஸில் பாதியும், எக்ஸில் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்தால் பத்து, எக்ஸ் எவ்வளவு? இதுதான் அல்ஜீப்ரா. விடை பன்னிரண்டு. இந்தப் பையனுக்கோ இருபத்தைந்து வரும். அவனுக்கு அல்ஜீப்ரா தெரியாமல் இல்லை, பின்னம் தெரியவில்லை. எக்ஸ், ஒய் எல்லாம் எண்களின் முகமூடிகள். முகத்தையே பார்க்காதவனுக்கு முகமூடியை அடையாளம் காட்டி என்ன பயன்?

நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்களுக்கு இந்த விஷயம் தெரிந்திருந்தது. ஒன்றை முந்நூற்றிருபதாக வகுத்து, அந்தத் துளிக்கு முந்திரி என்று பெயர் வைத்து, காணி, மா என்று சின்னப் பிள்ளைகளுக்கு எண்சுவடியிலேயே கற்பித்தார்கள். அவர்களுடைய பிரம்பு நமக்கு வேண்டாம், புத்தி வேண்டும். அமெரிக்காவில் ஜனாதிபதி நியமித்த கணித ஆலோசனைக் குழு 2008-ல் தந்த அறிக்கையும், அல்ஜீப்ராவுக்கு வேண்டிய அடிப்படைகளில் பிள்ளைகளிடம் முக்கியமாகக் குறைவது பின்னத்தில் தேர்ச்சிதான் என்று கண்டது.

"அப்படியானால் கெட்டிக்காரப் பிள்ளையைக் கட்டிப் போடச் சொல்கிறீரா?" என்று நீங்கள் கோபித்துக்கொள்ளலாம். இல்லை. அந்தக் கூத்தையும் உலகம் பார்த்துவிட்டது. சான் பிரான்சிஸ்கோ நகரத்து அரசுப் பள்ளிகளில் 2014-ல், எட்டாம் வகுப்பில் யாருக்குமே அல்ஜீப்ரா கிடையாது, எல்லோரும் ஒன்பதாம் வகுப்பில்தான் தொடங்க வேண்டும் என்று விதித்தார்கள். ஏழைப் பிள்ளை பின்தங்கக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் ஓடத் தெரிந்தவனை நிறுத்தி வைத்தால் நடக்கிறவனுக்குக் கால் முளைத்து விடுமா? பெற்றோர்கள் சண்டை பிடித்தார்கள். 2024-ல் அந்த ஊர் வாக்காளர்கள் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ரா திரும்ப வேண்டுமென்று பெருவாரியாக வாக்களித்தார்கள். கல்வி வாரியமும் அதே வருஷம் மனம் மாறியது.

அங்கே அவர்கள் ஓடுகிறவனை நிறுத்தினார்கள். இங்கே நாம் நடக்கிறவனைத் தூக்கி எறிகிறோம். இரண்டிலும் பிள்ளையை யாரும் பார்க்கவில்லை. வகுப்பின் எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

தூக்கி எறியப்பட்டவர்களில் நானும் ஒருவன். நான் படித்த பள்ளியில் பதினோராம் வகுப்புக் கணக்குப் புஸ்தகத்தைத் திறக்கவே இல்லை. பத்து முடிந்ததும் நேரே பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். இரண்டு வருஷமும் அதே உருப்போடல். நிறைய மதிப்பெண் வாங்கினேன். பெருமையோடு பொறியியல் கல்லூரிப் படி ஏறினேன். ஒரே வருஷத்தில் இறங்கினேன். கரும்பலகையில் இருந்ததெல்லாம் நான் தாண்டி வந்த அந்தப் பதினோராம் வகுப்பு! கதை எழுதப் பிழைத்துக்கொண்டேன் என்பது வேறு விஷயம். அப்பா விற்ற நிலம் விற்றதுதான்.

இந்தத் தாண்டலைத் தடுக்கத்தான் தமிழ்நாட்டு அரசு 2017-18 முதல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு வைத்தது. பிள்ளைகளுக்குப் பாரம் என்று 2025-ல் அதை எடுத்தும் விட்டது. பாரம் என்பது உண்மைதான். ஆனால் மருந்தை நிறுத்திய பிறகு நோயைக் கவனிக்கப் போகிறவர் யார்?

எப்போது தொடங்கலாம் அல்ஜீப்ரா? நம் பாடப் புஸ்தகம் ஆறாம் வகுப்பில் அறிமுகம் செய்கிறது, அதில் தவறில்லை. பின்னமும் விகிதமும் கைக்கு வந்த பிள்ளைக்கு அதற்கு முன்னாலும் கொடுங்கள். வராத பிள்ளைக்கு இன்னும் ஆறு மாதம் கொடுங்கள். வேகமாகப் போகிறவன் ஒவ்வொரு படியையும் வேகமாக மிதித்துப் போகட்டும். படியை விட்டுத் தாவுவதற்கு வேகம் என்று பெயரில்லை.

நண்பரின் பிள்ளையைச் சமையலறைக்குக் கூட்டிப் போனேன். ஒரு தோசையைச் சமமாக ஆறு துண்டாக்கி, "இதில் பாதியை எடு; அப்புறம் முழுத் தோசையில் மூன்றில் ஒன்றை எடு" என்றேன். மூன்று துண்டு எடுத்தான், பிறகு இரண்டு. தட்டில் மிஞ்சிய ஒற்றைத் துண்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டென்று முகம் மலர்ந்தது.

"ஆறில் ஐந்து, மாமா!"

வாசலிலிருந்து அவன் அப்பா குரல் கொடுத்தார்: "நேரமாச்சுடா! கிளாஸுக்குப் போக வேண்டாமா?"