துவக்குப் பிடிக்கு அரிய மரம்: சட்டத்தின் கண்ணுக்குத் தப்பும் சிறுபொருள்

கைத்துப்பாக்கியின் பிடியில் இரு பக்கமும் பொருத்தும் மரத்தகடுகள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இரண்டையும் சேர்த்து நிறுத்தாலும் 200 கிராமைத் தாண்டுவது அரிது. அமெரிக்காவிலிருந்து தாய்லாந்து வரை சிறு பட்டறைகளில் இவற்றைக் கையால் செதுக்கி, இணையத்தில் படம் போட்டு வெளிநாடுகளுக்கும் விற்கிறார்கள். கருங்காலி, றோஸ்வுட், மத்திய அமெரிக்காவின் கொக்கோபோலோ என மரம் அரியதாக அரியதாக விலையும் ஏறும். வாங்குபவருக்கு இது மோட்டார் சைக்கிளுக்கு நல்ல சீற் கவர் போடுவதைப் போன்ற ஆசை.

காரைதீவிலிருந்து இந்தச் சந்தையைப் பார்க்கும் எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தெரியவில்லை. 1985 ஏப்ரலில் இங்கே தமிழர் வீடுகள் எரிந்தன. 1990 ஜூனில் கல்முனையில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். படையினர், ஊர்காவல் படையினர், இயக்கத்தவர் எனப் பலர் கையில் துவக்கு இருந்த காலம் அது. இந்தக் கரையின் இரு சமூகங்களுக்கும் துவக்கு ஓர் அழகுப் பொருளாக நினைவில் இல்லை.

ஆனால் உணர்வை மட்டும் வைத்து ஒரு சந்தையை அளக்க முடியாது. மரத்துக்கும் ஆயுதத்துக்கும் தனித்தனியே கடுமையான சட்டங்கள் இருக்கும்போது, இரண்டும் சேர்ந்த இந்தச் சிறுபொருள் எப்படி இரண்டுக்கும் நடுவால் போகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் மரம். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை, 2017 ஜனவரி 2 முதல் றோஸ்வுட் பேரினம் முழுவதையும் தன் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. கொக்கோபோலோவும் அந்தப் பேரினம்தான். கிற்றார் செய்பவர்களும் இசைக்கலைஞர்களும் எல்லைகளில் படும் சிரமத்தைச் சொல்லி முறையிட, 2019இல் விதி தளர்ந்தது. முழுதாகச் செய்து முடித்த பொருள்களில் பட்டியலிட்ட மரம் ஒரு பொதிக்கு 10 கிலோ வரை இருந்தால் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. இசைக்கருவிக்காகக் கேட்ட சலுகை துப்பாக்கிப் பிடிக்கும் கிடைத்தது. ஒரு சோடி 200 கிராம் என்றே வைத்தாலும், ஒரே பொதியில் 50 சோடி அனுப்பலாம்.

அடுத்தது ஆயுதம். பிரித்தானியா, டன்பிளேன் பாடசாலைப் படுகொலைக்குப் பின், 1997இல் பெரும்பாலான கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. கனடா 2022 ஒக்டோபர் 21 முதல் கைத்துப்பாக்கி விற்பனையையும் கைமாற்றத்தையும் முடக்கியது. பின்னர் துப்பாக்கிப் பாகங்களுக்கும் உரிமம் கேட்டது. ஆனால் அங்கே பாகம் என்று சட்டம் பெயர் சொல்வது குழலையும் மேலே நகரும் உலோக உறையையும்தான். மரப்பிடி அந்த வரைவிலக்கணத்தில் இல்லை. அமெரிக்காவும் 2020 மார்ச்சில் ஏற்றுமதி விதிகளை மாற்றியபோது, சுடும் பொறி இல்லாத பிடிகளைத் தளர்வான கட்டுப்பாட்டு வகையில் வைத்தது. ஆக, நம் உறவுகள் வாழும் ரொறன்ரோவில் ஒருவர் புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்குவது ஏறத்தாழ முடியாத காரியம். அதன் பிடியை வாங்குவதற்கு அந்தத் தடை இல்லை.

இலங்கையில் நிலைமை வேறு. உலகச் சுங்கப் பட்டியலில் 93ஆம் அத்தியாயம் ஆயுதங்களுக்குரியது. துப்பாக்கியின் பாகங்களும் துணைப்பொருள்களும் அதில் 9305 என்ற தலைப்பில் வருகின்றன. துப்பாக்கி வைத்திருப்பதை ஆள்வது 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் எத்தனை வாக்குறுதிகளுக்குப் பிறகும் பலரின் வாழ்வின் மேல் தொங்கிக்கொண்டிருக்கிறது. துப்பாக்கிப் பாகம் என்று எழுதிய பொதி ஒரு தமிழ் அல்லது முஸ்லிம் இளைஞனின் பெயருக்கு வந்தால், அது வெறும் மரம் என்று விளக்குவதற்கே அவன் படும் பாடு என்னவாகும் என்று வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டிலுள்ள உறவினர்கள் வேடிக்கைப் பரிசாகக்கூட இதை அனுப்ப வேண்டாம்.

மரத்தின் பக்கம் வந்தாலும் இதே ஏற்றத்தாழ்வுதான். கருங்காலி எங்கள் உலர்வலயக் காட்டின் மரம். தென்மேற்கு ஈரவலயத்தில் வளரும் அதன் உறவான களுமெதிரிய, காலனித்துவக் காலத்தில் தளபாடத்துக்காக வெட்டப்பட்டே அருகிப்போனது. இன்று கல்முனைப் பக்கத்துத் தச்சர் ஒருவர் முதிரைப் பலகை ஏற்றி வருவதானால் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் வேண்டும். வழியில் மறித்தால் காட்ட வேண்டும். கடல் கடந்து போகும் 200 கிராம் மரம் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று கேட்க யாரும் இல்லை. பெரிய கடத்தல் பிடிபடுவதில்லை என்று சொல்லவில்லை. 2014இல் கொழும்புத் துறைமுகத்தில் 28 கொள்கலன்களில் சுமார் 420 தொன் மடகாஸ்கர் றோஸ்வுட் பிடிபட்டது. கொள்கலன் கண்ணில் படும். கடித உறைக்குள் போகும் மரம் படாது.

எல்லாப் பிடியையும் ஒரே தராசில் வைப்பதும் நியாயமில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வென்ற இந்தியாவின் மனு பாக்கரைப் போன்றவர்களின் விளையாட்டில், உள்ளங்கைக்கு அளவாகச் செதுக்கிய பிடி ஒரு கருவி. அதற்குப் பெரும்பாலும் வால்நட் மரம் போதும். அரிய மரம் குறியைக் கூர்மையாக்குவதில்லை. அது பார்வைக்கு மட்டுமே.

இங்கே உயிரெடுக்கும் துவக்குகளுக்கோ அலங்காரமே இல்லை. அம்பாறை உட்பட யானைகள் திரியும் மாவட்டங்களில் உள்ளூரில் செய்த கட்டுத்துவக்கும் வெடியும் யானைகளைக் கொல்கின்றன. யானைகள் விவசாயிகளைக் கொல்கின்றன. 2023இல் மட்டும் நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் இந்த மோதலில் இறந்தார்கள். தற்பாதுகாப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளை மீள ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு 2024 இறுதியில் கேட்டது. 2025 பெப்ரவரி 19 அன்று, புதுக்கடை நீதிமன்றத்துக்குள் சட்டப் புத்தகத்தைக் குடைந்து ஒளித்துக் கொண்டுவந்த கைத்துப்பாக்கியால், சட்டத்தரணி வேடத்தில் வந்தவன் ஒரு சந்தேகநபரைச் சுட்டுக் கொன்றான். உரிமம் உள்ளவரிடம் துவக்கைத் திருப்பிக் கேட்பது எளிது. உரிமமே இல்லாத துவக்கை யாரிடம் கேட்பது?

எனவே கேட்க வேண்டியவை மூன்று. சைட்டிஸின் 10 கிலோ விலக்கு இசைக்கருவிக்கும் அன்றாடப் பொருளுக்கும் இருக்கட்டும். ஆயுதத் துணைப்பொருளை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும். விற்பவர் மரத்தின் தாவரவியல் பெயரையும் அது வெட்டப்பட்ட நாட்டையும் எழுதியாக வேண்டும். இலங்கை அரசு எந்த மாவட்டத்தில், எந்தத் தேவைக்கு, எத்தனை துப்பாக்கி உரிமங்கள் இருக்கின்றன என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கடைசிக் கோரிக்கைதான் எங்களுக்கு மிக அவசரமானது. அயலில் யார் கையில் துவக்கு இருக்கிறது என்று தெரியாமல் ஒரு தலைமுறை இந்தக் கரையில் இரவுகளைக் கழித்துவிட்டது. அடுத்த தலைமுறைக்காவது அந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.