பழைய வண்டிக்கும் ஒரு பம்ப் வேண்டும்

2023 ஏப்ரலுக்கு முன் பெட்ரோல் கார் வாங்கியவர்கள் வண்டியோடு வந்த கையேட்டை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். பெரும்பாலானவற்றில் எத்தனால் 10 விழுக்காடு வரை போகலாம் என்றுதான் எழுதியிருக்கும். ஆனால், இன்று பங்கில் கிடைப்பதோ 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20. கூடுதல் விலை கொடுத்து 95 ஆக்டேன் போட்டாலும் ஆக்டேன்தான் கூடுமே தவிர, எத்தனால் குறையாது. வண்டியைச் செய்தவர் ஒன்று சொல்ல, எரிபொருள் விற்பவர் வேறொன்றைத் தர, காசு கொடுப்பவர் விரும்பியதைக் கேட்டு வாங்க வழியில்லை. எத்தனாலை நான் எதிர்க்கவில்லை. வழியே இல்லாமல் செய்ததைத்தான் எதிர்க்கிறேன்.

பெட்ரோலில் எத்தனால் கலக்கும் திட்டம் 2003இல் சில மாநிலங்களில் 5 விழுக்காட்டோடு தொடங்கியது. 2014இல்கூட நாடு தழுவிய சராசரி 1.5 விழுக்காட்டைச் சுற்றித்தான் இருந்தது. 2022 ஜூனில் அது 10 விழுக்காட்டைத் தொட்டது. இ20 விற்பனை 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் தொடங்கிவைக்கப்பட்டது. 2030க்கு என்று வைத்திருந்த 20 விழுக்காடு இலக்கை 2025இலேயே எட்டிவிட்டோம். கச்சா எண்ணெய் இறக்குமதியில் 1.4 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல் அந்நியச் செலாவணி மிச்சமானதாகப் பெட்ரோலிய அமைச்சகம் கணக்குக் காட்டுகிறது. கரும்பு விவசாயியின் நிலுவைத் தொகை கைக்கு வரவும் இத்திட்டம் உதவியிருக்கிறது. இவற்றைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால், எரிபொருளை மூன்றே ஆண்டுகளில் மாற்றிவிடலாம். வாங்கிய காரை மூன்று ஆண்டுகளில் மாற்ற நம் வீடுகளில் எத்தனை பேரால் முடியும்?

இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. எத்தனாலில் ஏற்கெனவே ஆக்சிஜன் கலந்திருப்பதால் அது எரியக் காற்றும் குறைவாகப் போதும். ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்றால், எத்தனாலுக்கு 9 கிலோ. ஆக, அதே காற்றுக்கு இ20ஐக் கூடுதலாக ஊற்ற வேண்டும். இன்ஜெக்டர் உள்ள வண்டியில் சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் இதை மோப்பம் பிடித்துக் கணினிக்குச் சொல்லும். கணினி எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டர் வண்டிக்கு அந்த மூளை கிடையாது. அம்பாசிடரும் பத்மினியும் பழைய மாருதி 800ம் ஜெட்டின் துளை எவ்வளவோ அவ்வளவைத்தான் குடிக்கும். கலவை மெலிந்து, காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். மேட்டில் இழுவை போய்விடும். இன்ஜின் சூடும் ஏறும்.

அதைவிடக் கவலை தருவது ரப்பர். பழைய வண்டிகளின் ஹோஸ், ஓ ரிங், டயாஃப்ரம் எல்லாம் பெட்ரோலுக்கென்று செய்தவை. எத்தனாலில் ஊறினால் சில ரப்பர்கள் உப்பிக் கொழகொழத்துப் போகும், காய்ந்தால் வெடிக்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டியின் கார்புரேட்டரைக் கழற்றிப் பாருங்கள். கிண்ணத்தின் அடியில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்ட எத்தனால் அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் அரித்த தடம் அது. இரும்பு டேங்கில் துரு சேரும். பல ஆண்டுகளாக டேங்கில் ஒட்டியிருந்த கசடையும் எத்தனால் கரைத்து இறக்கும்; அது ஃபில்டரில் போய் அடைக்கும். பழைய வண்டிகள் சிலவற்றில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடியபின் ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டியிருக்கலாம், செலவு பெரிதாக இருக்காது என்று அமைச்சகமே 2025 ஆகஸ்டில் சொன்னது. செலவு சிறிதாகவே இருக்கட்டும். அதை ஏன் வண்டிக்காரர் ஏற்க வேண்டும்?

டர்போ கார்களை இ20 கெடுத்துவிடும் என்று ஓர் அச்சம் பரவியிருக்கிறது. அது பாதிதான் உண்மை. டர்போ, காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் திணிக்கிறது. அழுத்தம் கூடினால் சூடு கூடும். எரிபொருள் தானாகவே வெடித்து இன்ஜின் ‘நாக்’ அடிக்கும். எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம். ஆவியாகும்போது அது காற்றையும் நன்றாகக் குளிர்விக்கும். இரண்டுமே நாக்கிங்கைத் தடுப்பவை. இ20க்கென்றே டியூன் செய்த டர்போ இன்ஜின் இதைப் பயன்படுத்திக் கூடுதல் சக்தியே தர முடியும். சிக்கல், இ10ஐ மனத்தில் வைத்து டியூன் செய்த போலோ டிஎஸ்ஐ, ஈகோஸ்போர்ட் ஈகோபூஸ்ட், முதல் தலைமுறை நெக்ஸான் போன்ற வண்டிகளில். சமவெளியில் நிதானமாகப் போகும்போது சென்சார் சமாளித்துவிடும். தொப்பூர் கணவாயில் முழுச் சுமையோடு ஆக்சிலரேட்டரை அழுத்தி ஏறும்போது பல கணினிகள் சென்சாரைப் பார்ப்பதை விட்டு, உள்ளே எழுதிவைத்த கணக்குப்படி ஊற்றும். அந்தக் கணக்கில் இ20 இல்லையென்றால் கலவை மெலியும். புகைபோக்கியும் டர்போவும் அளவுக்கு மேல் சூடாகும். ஒரே நாளில் எதுவும் உடைந்துவிடாது. ஆயுள்தான் தேயும். அதனால்தான் இதை நிரூபிப்பதும் கடினம், மறுப்பதும் எளிது.

பணக் கணக்கு இன்னும் நேரடியானது. இ20க்கென்று அமையாத வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 6 விழுக்காடு குறையலாம் என்பது அமைச்சகத்தின் மதிப்பீடு. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தந்த கார் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுகிறது. பெட்ரோல் 100 ரூபாய் என்று வையுங்கள். 6 விழுக்காடு குறைந்தால் மாதத்துக்கு நாலேகால் லிட்டர் கூடுதல். ஆண்டுக்கு 5,100 ரூபாய். பால்காரர் லிட்டருக்கு 60 மில்லி குறைத்து ஊற்றினால் நாம் சும்மா இருப்போமா?

2021இல் நிதி ஆயோக் குழு தந்த திட்ட வரைவு பழைய வண்டிகளின் பாதிப்பு, மைலேஜ் இழப்பு இரண்டையும் முன்பே யோசித்திருந்தது. பழைய வண்டிகளுக்குப் பாதுகாப்பு எரிபொருளாக இ10 கிடைக்க வேண்டும் என்றது. மைலேஜ் இழப்பை ஈடுகட்ட வரிச்சலுகையைப் பரிசீலிக்கச் சொன்னது. இலக்கு மட்டும் முன்கூட்டியே எட்டப்பட்டது. மற்றவை ஏட்டில் நின்றுவிட்டன. அப்போது பெட்ரோலைவிட மலிவாக இருந்த எத்தனாலின் கொள்முதல் விலை 2025இல் லிட்டருக்கு 71 ரூபாயைத் தாண்டிவிட்டது என்பது அரசின் பதில். உண்மைதான். ஆனால், பம்பில் விற்கும் விலையில் கணிசமான பகுதி வரி. விட்டுக்கொடுக்க அதில் இடம் இருக்கிறது.

பிரேசிலைப் பாருங்கள் என்கிறார்கள். பார்ப்போம். அங்கே எத்தனால் திட்டம் 1975இல் தொடங்கியது; எந்த விகிதத்தையும் ஏற்கும் ஃபிளெக்ஸ் கார்கள் 2003 முதல் விற்கின்றன. கலப்பு பெட்ரோலும் தனி எத்தனாலும் ஒரே பங்கில் வெவ்வேறு விலையில் கிடைக்கும். எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அதைப் போடுவது லாபம் என்று அங்குள்ள சாதாரண வண்டிக்காரரும் கணக்குப் பார்க்கிறார். பிரிட்டன் 2021 செப்டம்பரில் இ10க்கு மாறியபோது, பழைய கார்களுக்காக உயர்தரப் பெட்ரோலை இ5 ஆகவே விட்டுவைத்தது. எந்த வண்டிக்கு எது ஒத்துவரும் என்று பார்க்க அரசே இணையத்தில் வசதியும் செய்தது. பம்பிலும் இ5, இ10 என்று எழுதி ஒட்டியிருக்கும். நம் ஊரில் அந்த ஸ்டிக்கரைத்தான் முதலில் ஒட்ட வேண்டும்.

எத்தனால் இல்லாத பெட்ரோலையும் தேர்வுரிமையையும் கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1இல் தள்ளுபடி செய்துவிட்டது. இனி அரசுதான் முடிவெடுக்க வேண்டும். அதுவரை பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஹோஸ், ஓ ரிங்குகளை எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஃபில்டரை முன்கூட்டியே மாற்றலாம். டேங்கில் பாதியை வைத்து மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தாமல் இருக்கலாம். பெட்ரோல் வாடை வந்தால் அன்றே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். கசிவு தீயில் முடியக்கூடியது.

அரசு புதிதாகப் பெரிய கட்டமைப்பு எதையும் உருவாக்க வேண்டியதில்லை. பல பங்குகளில் சாதாரண பெட்ரோலுக்கும் பிரீமியத்துக்கும் ஏற்கெனவே தனித்தனி டேங்க் இருக்கிறது. அதில் ஒன்றை, கட்டுப்படியாகும் விலையில், இ10க்கு விடலாம். 27 விழுக்காடு எத்தனால் கலப்பது பற்றிய பேச்சு எழுந்துவிட்ட நிலையில் இதை இப்போதே செய்தாக வேண்டும். இந்த ஏற்பாடு காலாகாலத்துக்கும் தேவைப்படாது. பழைய கார்கள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போகும். 2023 மார்ச்சில் பதிவான காருக்குக்கூட முதல் 15 ஆண்டுப் பதிவு 2038இல் முடிந்துவிடும்.