பிணி தீர்க்கும் பொருள்

நோயுற்றார்க்கு ஆகும் பொருளை அளிக்கக் கடவர் யாவர்? அவரவர் நோய்க்கு அவரவரே பொருள் தேடுக என்பார் சிலர். நோயோ, கையிற் பொருளுள்ள காலம் பார்த்து வருவதன்று. அறுவடைக்கு முன் வந்த பிணி உழவனது நிலத்தை ஈடு வைக்கச் செய்கின்றது.

நம் நாட்டு மருத்துவச் செலவில் 2013-14இல் நூற்றுக்கு 64 பங்கு குடிகளின் கைப்பொருளாயிருந்தது. 2021-22இல் அது 39 பங்காகக் குறைந்தது. அது நன்றே. எனினும் அவ்வாண்டில் அரசினர் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் நூற்றுக்கு 2 பங்கையும் எட்டவில்லை. 2017ஆம் ஆண்டுக் கொள்கை 2025க்குள் எய்தக் குறித்த அளவோ இரண்டரைப் பங்கு.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உளதே, அது போதாதோ எனின், போதாதென்பேம். காப்பீடு பெரும்பாலும் படுக்கையிற் கிடந்து மருத்துவம் பெறுவார்க்கே உதவும். நாடோறும் உண்ணும் நீரிழிவு மருந்துக்கு உதவாது. மேலும், தனியார் மருத்துவமனைகள் ஊதியம் உள்ள நகரை நாடுமேயன்றிச் சிற்றூரை நாடா. விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே முண்டியம்பாக்கத்தில் 2010இல் மருத்துவக் கல்லூரி எழுந்தது பொதுப்பொருளாலன்றோ? இன்று அப்பெருவழியில் அடிபட்டார்க்கும் சுற்றூர் ஏழைகட்கும் அதன் மருத்துவமனை பெரும் புகலிடம்.

நல்ல சமாரியன் சத்திரத்தானிடம் இரண்டு பணம் கொடுத்தான். வழியிற் சத்திரம் ஒன்று இருந்தமையாலன்றோ அப்பணம் பயன்பட்டது? ஆதலின், காப்பீட்டுக்குப் பொருள் கட்டுவதினும், திண்டிவனம் போன்ற ஊர்களின் அரசினர் மருத்துவமனைகளில் மருத்துவரும் செவிலியரும் மருந்தும் குறைவற நிற்கச் செய்வதே அரசின் முதற்கடன் என்பது எம் துணிபு.