சுவர் காயட்டும், பொங்கல் போகட்டும்!

எங்கள் சுந்தரபாண்டியத்தில் ஐப்பசி, கார்த்திகை மழை விட்டதுமே பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் அவசரம் வந்துவிடும். வெறும் சுண்ணாம்பென்றால் பாதகமில்லை. ஈரச் சுவரிலும் பிடிக்கும். இப்போது கடனை உடனை வாங்கி எமல்ஷன் பெயிண்ட் அல்லவா அடிக்கிறோம்! உள்ளே ஈரமிருந்தால் அது கொப்புளித்து உரிந்துவிடும்.

பூச்சு உதிராத இடமாகப் பார்த்து ஒரு முழம் பாலிதீன் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உட்புறம் முத்து முத்தாக வேர்த்திருந்தால், "மாசி வரட்டும் அண்ணாச்சி" என்று பெயிண்டரிடம் சொல்லிவிடுங்கள். அக்கம்பக்கத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள், பேசட்டுமே!

அதற்குள் தண்ணீர் இறங்கும் வழியைத் தேடுங்கள். மொட்டை மாடிக் குழாயடி, சன்ஷேடு விரிசல் எல்லாவற்றையும் அடைக்காமல் எந்தப் பெயிண்ட் அடித்தும் பயனில்லை. ஈரச் சுவரின் உட்புறம் பூஞ்சை பூத்தால், இழுப்பு உள்ள குழந்தைக்கு ராத்திரித் தூக்கம் போச்சு. தொட்டிலை அங்கிருந்து நகர்த்திவிடுங்கள்.

பாசியைத் தேய்த்துக் கழுவி, பழைய சுண்ணாம்பை அடியோடு சுரண்டச் சொல்லுங்கள். அதன்மேல் அடித்தால் பொருக்கோடு விழும். சுரண்டும் தூள் கண்ணுக்கு ஆகாது. பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். ஒரு கோட்டு பிரைமர், நன்றாகக் காய்ந்தபின் இரண்டு கோட்டு பெயிண்ட். மீந்த டிஸ்டெம்பரை வெளியே அடித்துவிடலாமென்றால் சம்மதிக்காதீர்கள். அது வீட்டுக்குள்ளே அடிக்கிற சரக்கு.